உலோகத்தைச் சூழும் பிளாத்திக்கு
உயர்வெப்பநிலைப் பல்பகுதிய வார்ப்பில் தோன்றும் பிளவுகள் பற்றிய ஒரு நோக்கு

கிராமத்துக் கொல்லன் வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை பூட்டுவதை நேரிற் கண்டவர்கள் நம்மிடையே இன்றும் சிலர் இருக்கக்கூடும். பட்டை, சில்லின் சுற்றளவிலும் சற்றுச் சிறிதாகவே வளைக்கப்படும். தீயிலிட்டுப் பழுக்கக் காய்ச்சியதும் அது விரிந்து மரச்சில்லின்மீது இலகுவாக ஏறும். உடனே தண்ணீர் ஊற்றப்படும். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, ஆரக்கால்களையும் குடத்தையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிணிக்கும். இங்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சுருக்கமே பிணைப்பாகின்றது.

இக்காட்சியினுள் ஒரு பௌதிக உண்மை அடங்கியுள்ளது. உள்ளே இருப்பது சுருங்க மறுக்க, வெளியே இருப்பது சுருங்க முயலுமாயின், வெளியே இருப்பது ஆயுள் முழுவதும் இழுவைக்கு உட்பட்டிருக்கும். வண்டிச் சில்லின் பட்டை இதனைத் தாங்குகின்றது. ஏனெனில் இரும்பு இழுவையைத் தாங்கவல்ல பொருள். ஆனால், உள்ளே உருக்கும் வெளியே பிளாத்திக்குமாக அமையும்போது நிலைமை என்ன? இக்கட்டுரை ஆராய முற்படுவது இவ்வினாவையே. உயர்வெப்பநிலைப் பல்பகுதியங்களை உலோகச் செருகிகளின்மேல் வார்க்கும் தொழினுட்பத்தின் பயனும் இடரும் இவ்வொரு வினாவிலேயே தங்கியுள்ளன எனலாம்.

1. பின்னணி

உருகிய பிளாத்திக்கை அமுக்கத்துடன் ஓர் அச்சினுட் செலுத்தி உருவம் கொடுக்கும் முறை உட்செலுத்து வார்ப்பு எனப்படும். இம்முறைக்கான முதல் இயந்திரத்துக்கு 1872 இல் அமெரிக்காவில் ஜோன் ஹயற், ஐசாயா ஹயற் என்னும் சகோதரர் காப்புரிமை பெற்றனர். செலுலோயிட்டே அன்றைய மூலப்பொருள். 1907 இல் லியோ பேக்லண்ட் கண்ட பேக்கலைற்று, மின்சாரத் தொழிலின் காவலிப் பொருளாயிற்று. ஆளிகளிலும் செருகு முனைகளிலும் பித்தளைத் துண்டுகளை உள்வைத்துப் பேக்கலைற்றை வார்க்கும் வழக்கம் அதனோடு பரவியது. பழைய வீடுகளின் கறுப்பு ஆளிகளை உடைத்துப் பார்த்தவர்கள் அப்பித்தளைத் துண்டுகளை அறிவர். 1946 இல் ஜேம்ஸ் வாற்சன் ஹென்றி திருகு கொண்டு செலுத்தும் இயந்திரத்தை அமைத்தபின், உருகலின் வெப்பநிலையையும் அளவையும் முன்னிலும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடிந்தது.

உலோகத்தைப் பிளாத்திக்கினுள் ஏன் வைக்கவேண்டும்? காரணங்கள் எளியவை. பிளாத்திக்கிற் செதுக்கிய திருகுப் புரி விரைவில் தேயும். பித்தளைப் புரி தேயாது. மின்னைக் கடத்த உலோகம் வேண்டும். அதனைச் சுற்றிக் காவலி வேண்டும். அறுவைக் கருவிக்கு உருக்கின் கூர்மை வேண்டும். கைப்பிடிக்கு இலேசான, வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருள் வேண்டும். தனித்தனியே செய்து பின்னர் பொருத்துவதைக் காட்டிலும், உலோகத் துண்டை அச்சினுள் வைத்து அதன்மேலேயே வார்த்துவிடுவது ஒரே செயலில் இரு வேலைகளை முடிக்கின்றது. தொழிற்சாலைகளில் 'இன்சேர்ட்' என்றே வழங்கும் இத்துண்டை நாம் செருகி என்போம்.

சாதாரணப் பிளாத்திக்குகள் 100 பாகை செல்சியசை அண்மிக்கும்போதே பெரும்பாலும் தளர்ந்துவிடுவன. எந்திர அறை, வானூர்தி, நீராவியாற் கிருமியழிக்கும் கலம் ஆகியவற்றில் இவை நிலைக்கா. இத்தேவையை நோக்கி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு புதிய பொருட்குடும்பம் உருவாயிற்று. 1965 இல் பொலிசல்போன் சந்தைக்கு வந்தது. பிலிப்ஸ் பெற்றோலிய நிறுவனத்தின் எட்மன்ட்ஸ், ஹில் ஆகியோர் பொலிபீனைலீன் சல்பைட்டை ஆக்கும் முறைக்கு 1967 இல் காப்புரிமை பெற்றனர். பிரித்தானியாவின் இம்பீரியல் இரசாயனத் தொழிலக ஆய்வாளர் 1978 இல் பொலி ஈதர் ஈதர் கீற்றோனை ஆக்கினர். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் 'பீக்' என்பது உலக வழக்கு. 1982 இல் பொலி ஈதரிமைட்டு வெளிவந்தது. இவற்றின் மூலக்கூற்றுச் சங்கிலிகளில் பென்சீன் வளையங்கள் இடையறாது அமைந்திருப்பதால், சங்கிலிகள் எளிதில் அசைவதில்லை. வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் அங்கிருந்தே வருகின்றது. வார்ப்பதில் எழும் இடர்களும் அங்கிருந்தே வருகின்றன.

பீக்கை உதாரணமாகக் கொண்டு மேலே செல்வோம். இது 343 பாகையில் உருகும். 143 பாகையில் அதன் பளிங்குருவற்ற பகுதி இறுகிக் கண்ணாடி நிலையை அடையும். இவ்விரு எண்களையும் மனங்கொள்ளல் வேண்டும். பின்வரும் யாவும் இவற்றைச் சுற்றியே அமைவன.

2. செய்முறை

பீக் மணிகள் முதலில் உலர்த்தப்படவேண்டும். 150 பாகையில் ஏறத்தாழ மூன்று மணிநேரம் அடுப்பில் வைத்து ஈரத்தை நூற்றுக்கு 0.02 பங்கிலும் குறைப்பது வழக்கம். பின்னர் இயந்திரத்தின் சூடான உருளையினுள் திருகு அவற்றை முன்தள்ளி உருக்கும். அங்கு வெப்பநிலை 370 முதல் 400 பாகை வரை இருக்கும். ஈயம் உருகும் வெப்பநிலை 327 பாகையே என்பதை ஒப்புநோக்குக. அவ்வுருகல் சில வினாடிகளுள் அச்சினுட் பாய்ச்சப்படுகின்றது.

அச்சு குளிர்ந்ததாக இருத்தலாகாது. பீக்கிற்கான அச்சின் வெப்பநிலை 170 முதல் 200 பாகை வரை பேணப்படும். சாதாரண அச்சுக்களை வெப்பப்படுத்த நீர் போதும். ஆனால் 200 பாகையில் நீரை நீராகவே வைத்திருக்க வளிமண்டல அமுக்கத்தின் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் தேவை. ஆகவே சூடேற்றிய எண்ணெயோ அச்சினுட் பதித்த மின்சூடாக்கிகளோ பயன்படுகின்றன.

சூடேறிய அச்சும் விரியும். 300 மில்லிமீற்றர் நீளமான உருக்கு அச்சு, அறை வெப்பநிலையிலிருந்து 180 பாகை உயரும்போது ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் நீளும். செருகியைத் தாங்குவதற்கான துளையும் அதற்கேற்ப மாறும். பித்தளைச் செருகி உருக்கிலும் கூடுதலாக விரியும். எனவே குளிரிற் சரியாகப் பொருந்தியது சூட்டில் இறுகிவிடக்கூடும். மாறாக இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூற்றிற் சில பங்கு கூடினாலும் உருகல் அதனூடே புகுந்து, புரியின்மேல் மெல்லிய தகடாகப் படியும். செருகி சற்று நீண்டிருந்தால், மூடும் அச்சு அதன்மீது மோதித் தானே பழுதுறும். எனவே செருகியின் அளவுத் திருத்தம் அச்சின் அளவுத் திருத்தத்துக்கு ஒப்பானதாக இருத்தல் வேண்டும். மலிவான செருகியை வாங்கி விலையுயர்ந்த அச்சை இழப்பது இத்தொழிலில் நிகழாத ஒன்றன்று.

3. தொடுகை வெப்பநிலை

அச்சைச் சூடாக்கியாயிற்று. ஆனால் செருகி? வேலைமேசையிலிருந்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்து, 30 பாகையிலேயே அச்சினுள் வைத்து, உடனே அச்சு மூடப்படுமாயின் என்ன நிகழும்?

வெவ்வேறு வெப்பநிலையிலுள்ள இரு பொருள்கள் தொடும் கணத்தில், தொடுமுகத்தின் வெப்பநிலையை அவற்றின் வெப்பங்கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் ஆகிய மூன்றினதும் பெருக்கத்தின் வர்க்கமூலம் நிர்ணயிக்கின்றது. இதனை வெப்ப ஏற்புத்திறன் எனக் கொள்வோம். மென்னுருக்கின் ஏற்புத்திறன் பீக்கினதைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு. அதாவது, தொடுமுகத்தின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் உருக்குக்குப் பதினாறு வாக்குகள், பிளாத்திக்குக்கு ஒன்று.

உருகல் 390 பாகை, செருகி 30 பாகை எனின், 390 உடன் 30 இன் பதினாறு மடங்கைக் கூட்டிப் பதினேழால் வகுக்க, தொடுமுக வெப்பநிலை ஏறத்தாழ 51 பாகை ஆகும். 390 பாகையிலுள்ள உருகல், உருக்கைத் தொட்ட கணத்தில் 51 பாகையைச் சந்திக்கின்றது. 143 பாகை என்னும் எல்லையின் கீழ் அது திடீரெனத் தள்ளப்படுகின்றது. செருகி கறையில் உருக்கினாலானதாயின் கடத்துதிறன் குறைவாதலால் நிலைமை சிறிது தேறும்; எனினும் கணக்கு 66 பாகைக்கு மேற் செல்லாது. மாறாக, மென்னுருக்குச் செருகியை முன்கூட்டியே 200 பாகைக்குச் சூடாக்கி வைத்தால், அதே கணக்கு 211 பாகையைத் தருகின்றது.

51 பாகைக்கும் 211 பாகைக்கும் இடையிலான வேறுபாடு அளவு வேறுபாடு மட்டுமன்று. அது பண்பு வேறுபாடு. பீக்கின் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காவதற்குச் சிறிது காலம் வேண்டும். 211 பாகையில் அக்காலம் கிடைக்கின்றது. 51 பாகையில் அது கிடைப்பதில்லை. சங்கிலிகள் உருகலில் இருந்த குழப்ப நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. செருகியைச் சுற்றிப் பளிங்குருவற்ற மெல்லிய தோல் ஒன்று உண்டாகின்றது.

இயற்கை நிறப் பீக்கில் இதனைக் கண்ணாலேயே காணலாம். நன்கு பளிங்கான பீக் ஒளிபுகாத வெளிர்சாம்பல் அல்லது தந்த நிறமுடையது. பளிங்காகாத பீக் தேனைப்போலக் கபிலநிறமாய் ஒளி கசியும். வார்ப்பின் ஓரங்களில் கபிலநிறம் தோன்றின் அச்சு குளிர்ந்துள்ளது என்று அனுபவமுள்ள தொழிலாளி சொல்லிவிடுவார். ஆனால் செருகியைச் சுற்றிய தோல் வெளியே தெரிவதில்லை. வெட்டிப் பார்த்தாலன்றி அது மறைந்தே இருக்கும்.

இத்தோல் ஏன் அஞ்சத்தக்கது? பளிங்குருவற்ற பீக்கின் அடர்த்தி 1.26, முழுப் பளிங்கினது 1.40, வழமையாக நூற்றுக்கு 30 பங்கு பளிங்கான பொருளினது ஏறத்தாழ 1.30. பின்னொரு நாள் பயன்பாட்டின்போது வெப்பநிலை 143 பாகையைத் தாண்டிப் போதிய அளவு உயருமாயின், உறைந்திருந்த தோல் விழித்துக்கொண்டு பளிங்காகத் தொடங்கும். அப்போது அதன் கனவளவு நூற்றுக்கு மூன்று பங்கும், நீளம் நூற்றுக்கு ஒரு பங்கும் குறையும். உருக்கைச் சுற்றி இறுகப் பற்றிய தோல் மேலும் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்க முயல்வது எத்தகைய இழுவையை உண்டாக்கும் என்பதை அடுத்துக் காண்போம்.

4. சுருக்கத்தின் கணக்கு

முதலில், யாவும் ஒழுங்காக நிகழ்ந்த ஒரு வார்ப்பையே எடுத்துக்கொள்வோம். செருகி சூடாக்கப்பட்டது; பிளாத்திக்கு நன்கு பளிங்காகியது. இனி அது 143 பாகையிலிருந்து 23 பாகைக்குக் குளிர்கின்றது. 120 பாகை வீழ்ச்சி. இவ்வெல்லைக்குள் பீக்கின் நீட்டல் விரிகைத்திறன் பாகைக்குப் பத்து இலட்சத்தில் 47 பங்கு. உருக்கினது 12 பங்கு. வேறுபாடு 35. இதனை 120 ஆற் பெருக்கின், பிளாத்திக்கு உருக்கிலும் கூடுதலாக நூற்றுக்கு 0.42 பங்கு சுருங்க முயல்கின்றது. உருக்கு இடங்கொடாது. ஆகவே அச்சுருக்கம் முழுவதும் பிளாத்திக்கினுள் இழுவை விகாரமாகத் தங்கிவிடுகின்றது. பீக்கின் யங்கின் மட்டு ஏறத்தாழ 4 கிகா பசுக்கால். எனவே செருகியைச் சுற்றியுள்ள மெல்லிய வளையமொன்றில் ஏறத்தாழ 17 மெகா பசுக்கால் இழுவைத் தகைப்பு எஞ்சும். பீக்கின் இழுவை வலிமை 100 மெகா பசுக்கால் அளவினது. ஒரு சுமையும் ஏற்றப்படாத நிலையிலேயே அதன் ஆறிலொரு பங்கு செலவாகிவிட்டது.

இது குறைந்தபட்சக் கணக்கு. 143 பாகைக்கு மேலே, பளிங்காக்கத்தின்போதும் அதன் பின்னரும் நிகழும் சுருக்கத்தின் ஒரு பகுதி தளர்ந்து மறைந்தாலும், மறுபகுதி தங்கும். கலப்பற்ற பீக்கின் மொத்த வார்ப்புச் சுருக்கம் நூற்றுக்கு ஒரு பங்கிலும் சற்று மேல். உருக்கு தானும் சுருங்கும் பங்கைக் கழித்து, நூற்றுக்கு ஒரு பங்கு முழுவதும் தங்கிவிட்டதாகக் கொண்டால், தகைப்பு 40 மெகா பசுக்காலை அடையும். உண்மை இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் அமைகின்றது.

இதனோடு வடிவத்தின் கூர்மையையும் சேர்த்து நோக்கவேண்டும். செருகி சுழலாதிருக்க அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்துவரிகள் வெட்டுவது வழக்கம். ஒவ்வொரு வரியின் கூர்முனையும் பிளாத்திக்கினுள் ஒரு கீறலாக அமைகின்றது. கூர்முனையில் தகைப்பு இரு மடங்கோ மும்மடங்கோ ஆகுமாயின், மேற்கூறிய 40 என்னும் எண் வலிமையின் எல்லையைத் தொடும், அல்லது கடக்கும். செருகி நன்கு பிடிக்கவேண்டும் என்று ஆழமாக வெட்டிய வரியே பிளவின் தொடக்கமாவது இவ்வாறுதான்.

கண்ணாடி நார் சேர்ப்பது இதற்குத் தீர்வெனப் பலர் கருதுவர். நூற்றுக்கு 30 பங்கு நார் சேர்த்த பீக்கின் விரிகைத்திறன், உருகல் பாய்ந்த திசையில் 20 ஐ அண்மித்து, உருக்கினதை நெருங்குகின்றது. இது பெரும் பயனே. ஆனால் பாய்ச்சலுக்குக் குறுக்கான திசையில் அது அவ்வாறு குறைவதில்லை. மேலும், செருகியை அடைந்த உருகல் இரு கிளைகளாகப் பிரிந்து, அதனைச் சுற்றி மறுபுறத்தில் மீண்டும் சந்திக்கின்றது. ஆற்று நடுவிலுள்ள பாறையைச் சுற்றிவரும் நீர் ஒன்றுசேர்ந்துவிடும். பிசுக்குமை மிக்க இவ்வுருகலோ முழுமையாக ஒன்றுசேர்வதில்லை. அங்கு ஓர் இணைவுக்கோடு எஞ்சும். நார்கள் அக்கோட்டைக் கடந்து செல்லாமல் அதன் நெடுகே படுத்துக்கொள்கின்றன. செருகியைச் சுற்றிய இழுவையோ அக்கோட்டைத் திறக்கும் திசையிலேயே செயற்படுகின்றது. பொருளின் மிக நலிந்த இடமும் தகைப்பின் மிகக் கொடிய திசையும் ஒரே இடத்தில் சந்திக்குமாறு வடிவமே ஏற்பாடு செய்துவிடுகின்றது.

5. பிடித்தலும் விலகலும்

சுருக்கம் எப்போதும் தீமையன்று. செருகி உள்ளேயும் பிளாத்திக்கு வெளியேயும் அமையின், சுருக்கம் பிடியாகின்றது. மாறாக, உலோகக் குழாயினுள் பிளாத்திக்கை வார்த்தால், அது சுருங்கிச் சுவரை விட்டு விலகும். வெளியே இருப்பது பற்றும். உள்ளே இருப்பது நீங்கும். இவ்வெளிய விதியை மறந்து வரையப்பட்ட மின்னிணைப்பிகள் பின்னர் எண்ணெய் கசிவதைக் கண்டு வியப்பதற்கொன்றுமில்லை.

இப்பிளாத்திக்குகள் மெருகிட்ட உலோகத்தோடு இரசாயன முறையில் வலுவாக ஒட்டுவதில்லை. பிடி பெரும்பாலும் பொறிமுறைப் பிடியே. எனவே செருகியில் வட்டத் தவாளிப்புக்கள் வெட்டி, அவற்றின் ஓரங்களை வளைவாக்குவது நன்று. இந்நூற்றாண்டில் வேறொரு வழியும் பரவியுள்ளது. அலுமினியத்தின் மேற்பரப்பை இரசாயனக் கரைசலால் அரித்து, மில்லிமீற்றரின் இலட்சத்திற் சில பங்கு அளவான நுண்குழிகளை உண்டாக்கி, அவற்றினுள் பொலிபீனைலீன் சல்பைட்டு போன்ற உருகலைப் புகவிடுவதே அது. யப்பானின் தைசேய் பிளாசு நிறுவனம் இத்துறையில் முன்னின்றது. கைத்தொலைபேசிகளின் உலோகச் சட்டங்களில் இம்முறை இடம்பெற்றுள்ளது. இங்கு இழுவை ஒரு கூர்முனையில் குவியாமல் எண்ணற்ற நுண்பிடிகளிற் பகிரப்படுகின்றது.

6. காலந்தாழ்த்திய பிளவு

இத்துறையின் மிகக் கசப்பான உண்மை, பிளவு உடனே தோன்றுவதில்லை என்பதாகும். அச்சிலிருந்து வெளிவந்த பொருள் அழகாக இருக்கும். அளவுகள் சரியாக இருக்கும். முறுக்கிப் பார்த்தாற் செருகி அசையாது. பரிசோதகர் ஒப்பமிடுவார், பொருள் பெட்டியிலிடப்பட்டுச் செல்லும். கிழமைகளோ மாதங்களோ கழித்து, செருகியிலிருந்து வெளிநோக்கி மயிரிழை போன்ற கோடு ஒன்று தோன்றும்.

காரணம், தகைப்பு ஓயாது செயற்படுவதே. வெளிச்சுமை வந்து போகும்; எஞ்சிய தகைப்போ இரவும் பகலும் இருக்கும். பல்பகுதியச் சங்கிலிகள் நீடித்த இழுவையின்கீழ் மெல்ல மெல்ல ஒன்றையொன்று வழுக்கி நகர்கின்றன. இந்நகர்வு தகைப்பைச் சிறிது தளர்த்துவதும் உண்டு. கூர்முனையில் நுண்வெடிப்பை வளர்ப்பதும் உண்டு. எது முந்தும் என்பதே வினா.

அறுவைக் கருவிகளில் இப்போட்டி தெளிவாகத் தெரிகின்றது. உருக்குத் தண்டின்மேல் பொலிசல்போன் குடும்பப் பிளாத்திக்கிலான கைப்பிடி வார்க்கப்படுகின்றது. ஒவ்வொரு பயன்பாட்டின் பின்னரும் கருவி கழுவப்பட்டு, 134 பாகை நீராவியிற் கிருமியழிக்கப்படுகின்றது. சூட்டில் இழுவை தளர்கின்றது, குளிரில் திரும்புகின்றது. ஒவ்வொரு கிருமியழிப்பும் ஓர் இழுப்பாகின்றது. இவை பளிங்குருவற்ற பிளாத்திக்குகளாதலின் சில கரைப்பான்களும் கழுவுபொருட்களும், இழுவையிலுள்ள மேற்பரப்பைத் தாக்கி வெடிக்கச் செய்யவும் கூடும். இழுவையற்ற துண்டை ஒன்றுஞ் செய்யாத திரவமே இழுவையுள்ள துண்டைப் பிளந்துவிடும். கைப்பிடியிற் பிளவு தோன்றின் அதனுள் தங்கும் அழுக்கை நீராவி அடையாது போகலாம். அவ்வழி ஆபத்து நோயாளியைச் சென்றடைகின்றது. செருகியைச் சூடாக்காது மிச்சம் பிடித்த சில வினாடிகளின் விலை, தொழிற்சாலையிற் கால் வைக்காத ஒருவரிடம் அறவிடப்படலாம்.

இவ்வியல்பையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். பொலிசல்போன் வார்ப்புகளை எதனோல், எதைல் அசற்றேற்று ஆகியவற்றின் கலவையில் அமிழ்த்துவர். கலவையின் விகிதத்தை மாற்றி, எவ்விகிதத்தில் வெடிப்புத் தோன்றுகின்றது என நோக்கி, மறைந்திருந்த தகைப்பின் அளவை மதிப்பிடுவர். மாதங்கள் கழித்து வரவேண்டிய தீர்ப்பை இச்சோதனை சில நிமிடங்களில் வழங்கிவிடுகின்றது.

பின்வெப்பப் பதனிடல் யாவற்றையும் தீர்க்கும் என்னும் நம்பிக்கை ஒன்று உண்டு. வார்த்த பீக்கை 200 பாகைக்கு மேலே சில மணிநேரம் வைத்து, மணிக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் மெதுவாகக் குளிர்விப்பதே இம்முறை. ஒழுங்கற்ற குளிர்ச்சியாலும் குறைப் பளிங்காக்கத்தாலும் வந்த தகைப்பை இது பெரிதும் தளர்த்தும். ஆனால் 143 பாகையிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது உருக்குக்கும் பிளாத்திக்குக்கும் இடையில் எழும் 17 மெகா பசுக்கால், அடுப்பிலிருந்து குளிரும்போது மீண்டும் வந்து சேரும். அது செய்முறையின் குறையன்று; இரு பொருள்களின் இயல்பு. அதனைக் குறைக்க வேண்டின் பொருளை அல்லது வடிவத்தை மாற்றவேண்டும். உருக்குக்குப் பதிலாக அலுமினியச் செருகியைப் பயன்படுத்தின், அதன் விரிகைத்திறன் 23 ஆதலால், வேறுபாடு 35 இலிருந்து 24 ஆகக் குறையும். தகைப்பும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். வரைபடத்தில் ஒரு சொல்லை மாற்றுவதால் கிடைக்கும் பயன் இது.

7. பிளவுக்குப் பொறுப்பு யார்?

செருகிகளைக் கையால் வைக்கும் தொழிற்சாலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தொழிலாளி 200 பாகையிலுள்ள அச்சின் இரு பாதிகளுக்கும் இடையே கைநீட்டி, அடுப்பிற் சூடாக்கிய சிறு துண்டுகளை இடுக்கியாற் பிடித்து, மில்லிமீற்றரின் நூற்றிற் சில பங்கு இடைவெளியே உள்ள துளைகளில் அமர்த்தவேண்டும். தடித்த கையுறை கையைக் காக்கும். விரலின் நுண்ணுணர்வைக் கெடுக்கும். சிறிய செருகி அடுப்பிலிருந்து அச்சை அடையும் சில வினாடிகளுக்குள்ளேயே கணிசமாகக் குளிர்ந்துவிடும். அவர் தாமதித்தால் உருளையினுள் உருகல் 390 பாகையில் அளவுக்கு மேல் தங்கிச் சிதையத் தொடங்கும். அவசரப்பட்டால் செருகி சரிந்து அமரும். காலையில் நான்கு வினாடியில் செய்த வேலை, முறையின் இறுதியில் எட்டு வினாடி எடுக்கும். ஒவ்வொரு வினாடியும் செருகியின் வெப்பநிலையை மாற்றுகின்றது. வெப்பநிலை தோலை மாற்றுகின்றது. தோல் பிளவைத் தீர்மானிக்கின்றது.

பிளவு வெளிப்பட்டதும் விசாரணை பெரும்பாலும் இக்கையையே தேடிச் செல்லும். தொழிலாளியின் கவனக்குறைவு என்பது எழுதுவதற்கு இலகுவான முடிவு. ஆனால் நாம் மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்குக. செருகியின் உலோகத்தைத் தெரிந்தவர் தொழிலாளியல்லர். கூரிய கொத்துவரியை வரைந்தவரும், செருகியைச் சுற்றிய சுவரை மெல்லியதாக்கிப் பொருட்செலவைக் குறைத்தவரும் அவரல்லர். உருகல் புகும் வாயிலை, இணைவுக்கோடு மிக மெல்லிய சுவரில் விழும் இடத்தில் அமைத்தவரும் அவரல்லர். சூடாக்கும் அடுப்பையும், செருகிகளை ஒரே வேகத்தில் வைக்கும் பொறிக்கையையும் செலவெனக் கருதி மறுத்த முடிவும் அவருடையதன்று. அவர் கைக்கு வந்துசேர்ந்தது, பிறர் எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகை மட்டுமே. அவர் குறையே செய்யார் என்பது நம் வாதமன்று. அவர் எவ்வளவு திறமையாக உழைப்பினும் நீக்கவியலாத தகைப்பு ஒன்று வரைபட மேசையிலேயே பொருளினுள் வைக்கப்பட்டுவிடுகின்றது என்பதே வாதம்.

ஆகவே நடைமுறை ஒழுங்கும் அம்மேசையிலேயே தொடங்கவேண்டும். செருகி தேவைதானா என்பது முதற் கேள்வி. வார்த்த பின்னர் சூட்டாலோ மீயொலியாலோ பதிக்கும் செருகி போதுமாயின், அவ்வழி எளிது. தேவையெனின், விரிகைத்திறன் நெருங்கிய உலோகத்தையும் நார் சேர்த்த பிளாத்திக்கையும் இணைத்து நோக்குதல் வேண்டும். முனைகள் வளைவாக, சுவர் தாராளமாக, இணைவுக்கோடு தடித்த பகுதியில் விழுமாறு வாயில் அமைதல் வேண்டும். செருகி அச்சின் வெப்பநிலைக்கே சூடாக்கப்படவேண்டும். அவ்வெப்பநிலை அடுப்பில் அன்றி, அச்சு மூடும் கணத்தில் அளக்கப்படவேண்டும். மாதிரிகளை வெட்டித் தோலின் நிறத்தை நோக்குதலும், சூட்டுக்கும் குளிருக்கும் மாறிமாறி உட்படுத்திய பின்னரே ஒப்பமிடுதலும் வேண்டும். இவற்றுள் எதுவும் புதுமையன்று; எதுவும் இலவசமுமன்று.

முடிவுரை

வண்டிச் சில்லுக்குப் பட்டை பூட்டிய கொல்லன் விரிகைத்திறன் என்னும் சொல்லை அறியான். ஆயினும் பட்டை எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும், அளவு மீறின் மரம் என்னாகும், குறையின் சில்லு எங்கே கழலும் என்பவற்றை அவன் கை அறிந்திருந்தது. அளந்தவனும் காய்ச்சியவனும் பூட்டியவனும் அவனே. குறை நேரின் அதே சில்லு அவன் பட்டறைக்கே திரும்பி வந்தது.

இன்றைய உற்பத்தியில் வரைபவர் ஒருவர், செருகி கடைபவர் வேறொருவர், வார்ப்பவர் இன்னொருவர், பயன்படுத்துபவர் மற்றொருவர். அறிவு அவர்களிடையே துண்டுபட்டுக் கிடக்கின்றது. கபிலநிறம் கண்டவருக்கு அதன் காரணம் சொல்லப்படுவதில்லை. காரணம் அறிந்தவர் கபிலநிறத்தைக் கண்டதில்லை. பீக்கின் இணைவுக்கோட்டைப் போலவே, இரு கிளைகளாக வந்து முழுமையாக ஒன்றுசேராத இவ்வறிவின் எல்லையிலும் பிளவு தோன்றுகின்றது. வார்ப்பவரின் கண்ணறிவும் வரைபவரின் கணக்கறிவும் ஒரே மேசையில் சந்திக்கும் ஒழுங்கு தொழிற்சாலையில் ஏற்படுமாயின், நூற்றுக்கு 0.42 பங்கு என்னும் அச்சிறு எண் நோயாளியின் படுக்கையருகே பிளவாக வெளிப்படுவதற்கு முன்னரே தாளில் கண்டுபிடிக்கப்பட்டுவிடும்.